முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு விக்கறவங்க பெயின்ட் அடிக்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

3 லட்சத்து 10 ஆயிரம் போச்சு. அதைவிட, எங்க அப்பா கட்டின வீட்டை பார்க்க வந்தவங்க எங்களை ஏமாத்துக்காரங்கன்னு நினைச்சுட்டுப் போனாங்க, அதை இன்னும் தாங்கிக்க முடியல. அதனாலதான் இவ்ளோ நீளமா டைப் பண்றேன், பொறுமையா படிங்க.

வீடு மேற்கு தாம்பரம் தாண்டி முடிச்சூர்ல. அப்பா 1998ல கட்டினது, கீழ்தளம் மட்டும், 1,050 சதுரடி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள ரெண்டரை அடி தண்ணி ஏறி ரெண்டு நாள் நின்னுச்சு. அப்பா அதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க, அம்மா தனியா இருந்தாங்க, அவங்களை ஓசூருக்கு என்கூட கூட்டிட்டு வந்துட்டேன், வீடு பூட்டியே கிடந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல வித்துடலாம்னு முடிவு பண்ணினோம்.

அந்த ஏரியா புரோக்கர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, "மேடம், இப்படியே காட்டினா மனை ரேட்டுதான் பேசுவாங்க, ஒரு மூணு ரூபா செலவு பண்ணி பெயின்ட் அடிச்சு முன்னாடி லான் போட்டுட்டா பத்து ரூபா ஏத்திக் கேக்கலாம்"னாரு. ரூபான்னா அவங்க பேச்சுல லட்சம். ஆளும் அவரே கூட்டிட்டு வந்தாரு, பெயின்ட், கார்டன் ரெண்டும் ஒரே கான்ட்ராக்டர், ஒரே பேமென்ட், செப்டம்பர் கடைசில முடிச்சிடலாம்னாங்க. நானும் வேலையை விட்டுட்டு அடிக்கடி வர முடியாதேன்னு ஒத்துக்கிட்டேன். இங்கதான் தப்பு நடந்துச்சு.

பெயின்ட்டுக்கு 4,600 சதுரடி, சதுரடிக்கு 40 ரூபா, மெட்டீரியலோட, மொத்தம் 1,84,000. கார்டனுக்கு 1,26,000. சதுரடின்னா தரை அளவு இல்ல, சுவர், சீலிங் எல்லாம் அளந்து போடறது, அது எனக்குத் தெரியும். ஆனா நான் கூட நின்னு டேப் பிடிக்கல. அப்புறமா தெரிஞ்ச கொத்தனாரை வச்சு அளந்தா 3,450 தான் வருது, ஜன்னல் கதவு கழிக்காமலே. அங்கயே 46,000 போயிடுச்சு.

பணம் கூட போகட்டும், செஞ்ச வேலை இருக்கே. தண்ணி நின்ன சுவத்துல கீழ மூணு அடிக்கு உப்பு பூத்து வெள்ளை வெள்ளையா இருந்துச்சு, கை வச்சா பூச்சு மண்ணா உதிரும். நானே வீடியோ கால்ல காட்டி இதுக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். "பட்டி ரெண்டு கோட்டு இழுத்துட்டா ஒண்ணும் தெரியாது மேடம்"னு கான்ட்ராக்டர் வாய்ஸ் நோட் போட்டாரு. பட்டின்னா பெயின்ட்டுக்கு முன்னாடி சுவத்தை வழவழப்பாக்க இழுக்கற வெள்ளைப் பூச்சு. அந்த "தெரியாது"ங்கற வார்த்தையை நான் அன்னிக்கே பிடிச்சிருக்கணும். உள்ள ஈரமும் உப்பும் இருக்கற சுவத்துல மேல என்ன போட்டாலும் நிக்காது, தண்ணி வெளிய வரும்போது உப்பையும் இழுத்துட்டு வந்து பட்டியைத் தள்ளிடும். மூணு அடி மூணரை அடி வரைக்கும் பழைய பூச்சை கொத்தி எடுத்துட்டு, சுவத்தை நல்லா காய விட்டு, வாட்டர்ப்ரூஃப் கலந்து திரும்பப் பூசி, அது கியூரிங் ஆகி காய்ஞ்சப்புறம்தான் பிரைமரே. இதுக்கு ரெண்டு மாசம் ஆகும். அவங்க மொத்த வீட்டையும் பதினொரு நாள்ல முடிச்சுட்டாங்க.

எந்த சுவரா இருந்தாலும் சரி, ஒரு சின்ன பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, சுவத்தோட ஒட்டின பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஈரம் போகல, பெயின்ட் எடுக்கவே கூடாது. பத்து ரூபா செலவு. எனக்கு இதை சொல்லிக் குடுத்தது எல்லாம் முடிஞ்சப்புறம் வந்த கொத்தனார் அண்ணன்.

டப்பா விஷயமும் சொல்லணும். எஸ்டிமேட்ல எழுதினது விலை கூடின எமல்ஷன் பெயின்ட். போட்டோவுல அந்த கம்பெனி பக்கெட்டுங்கதான் வரிசையா இருந்துச்சு. வேலை செஞ்ச தம்பி ஒருத்தன் பின்னாடி போன் பண்ணி, "அக்கா, பக்கெட்டு மட்டும்தான் அது, உள்ள ஊத்தினது கம்மி ரேட்டு, தண்ணியும் ஜாஸ்தி, புரோக்கர் அண்ணனுக்கு இதுல பங்கு போகுது"ன்னான். அவனுக்கு கூலி பாக்கி வச்சிருந்தாங்க, அந்த கோபத்துல சொன்னான். அவன் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. அதனால சீல் உங்க கண்ணு முன்னாடி உடைக்கணும், முடிஞ்சா பெயின்ட்டை நீங்களே கடையில பில் போட்டு வாங்கிக் குடுங்க, கூலி மட்டும் தனியா பேசுங்க.

இப்போ கார்டன். முன்னாடி அப்பா வச்ச பவழமல்லியும் ரெண்டு செம்பருத்தியும் இருந்துச்சு. அம்மா தினமும் விடியக்காலை கீழ விழுந்த பூவை பொறுக்கி சாமிக்கு வைப்பாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வெட்டிட்டாங்க, "லுக் வராது"ன்னு. அம்மாகிட்ட இதை நான் ஒரு மாசம் சொல்லல. அதுக்குப் பதிலா காம்பவுண்ட் ஓரமா வரிசையா பச்சைப் பசேல்னு செடி வச்சாங்க, சீக்கிரம் வளரும்னு. அது கோனோகார்பஸ். குஜராத்ல 2023லயே தடை பண்ணினது, நம்ம தமிழ்நாட்டுலயும் 2025 ஜனவரில தடை வந்தாச்சு, வேர் போய் டிரைனேஜ் பைப்பை உடைக்கும். தடை வந்து எட்டு மாசம் கழிச்சு எங்க சம்ப் பக்கத்துல நட்டுட்டுப் போயிருக்காங்க.

லான் அதைவிட கொடுமை. வீட்டுக் குப்பை, உடைஞ்ச செங்கல் எல்லாத்தையும் பரப்பி மேல ரெண்டு இன்ச் செம்மண் போட்டு புல்லை விரிச்சிருக்காங்க, ஒரு மாசத்துல மஞ்சளாயிடுச்சு. ஆனா எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னா, 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்ப அப்பா கூடவே நின்னு சிமென்ட் உறை இறக்கின குழி ஒண்ணு முன்னாடி இருந்துச்சு, அதையும் டெப்ரிஸ் போட்டு நிரப்பி அதுக்கு மேலயே புல்லு. வெள்ளம் வர்ற ஏரியாவுல தண்ணி இறங்கற ஒரே வழியை அடைச்சுட்டாங்க. அக்டோபர் மழையில மொட்டை மாடித் தண்ணி மொத்தமும் போக இடமில்லாம சுவத்து ஓரமா நின்னு திரும்ப அடியில ஏறுச்சு.

நவம்பர்ல ஒரு தம்பதி பார்க்க வந்தாங்க, நல்ல மனுஷங்க, விலையும் கிட்டத்தட்ட பேசி முடிஞ்ச மாதிரிதான். கூட ஒரு சிவில் இன்ஜினியரை கூட்டிட்டு வந்தாங்க. அவரு ஹால் சுவத்துல கீழ சாவியை வச்சு லேசா கீறினாரு, பெயின்ட்டும் பட்டியும் அப்பளம் மாதிரி கழண்டு வந்துச்சு. அடுத்த கேள்வி "மழைநீர் குழி எங்கம்மா?" என்னால பதில் சொல்ல முடியல. அந்தப் பொண்ணு என் முகத்தைப் பார்த்து, "வெள்ளம் வந்ததை நீங்களே சொல்லியிருந்தா நாங்க விலை பேசி வாங்கியிருப்போம், மறைச்சிட்டீங்களே அக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அந்த இன்ஜினியர் போகும்போது இன்னொண்ணும் சொன்னாரு. லோன் போட்டு வாங்கறவங்களுக்கு பேங்க் வேல்யூயர் மனைக்கு ஒரு ரேட், கட்டடத்துக்கு வயசைக் கழிச்சு ஒரு ரேட்னுதான் போடுவாரு, புது பெயின்ட்டுக்கும் புல்லுக்கும் தனியா காசு ஏறாதாம். பத்து லட்சம் ஏறும்னு சொன்ன புரோக்கர் இப்போ போன் எடுக்கறதில்ல.

1,20,000 மட்டும் ஜிபேல போட்டேன், மிச்சம் கேஷ், பில் கிடையாது. வாட்ஸ்ஆப்ல இருந்த எஸ்டிமேட், அந்த "ஒண்ணும் தெரியாது" வாய்ஸ் நோட், போட்டோ எல்லாத்தையும் எடுத்து வச்சு 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிட்டேன். அடுத்து செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் குடுத்த பணத்துக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இதே மாதிரி பெயின்ட், கார்டன் ரெண்டும் ஒரே ஆளு, புரோக்கர் மூலமா வந்தாருன்னு முடிச்சூர் பக்கம் யாருக்காவது நடந்திருந்தா உங்க எஸ்டிமேட்டை எடுத்து வைங்க, எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க, சேர்ந்து போடலாம்.

போன ஞாயித்துக்கிழமை கொத்தனார் அண்ணன் புல்லைப் பேத்து நாலடி தோண்டினாரு. உறை உடையாம இருக்கு.