பகடை உருட்டித் துப்பறிந்த கதை: டிஸ்கோ எலிசியம்

தொடங்கிய சில நிமிடங்களிலேயே செத்துப்போனேன். கொலைகாரன் யாரும் வரவில்லை. விடுதி அறையில் சுழலும் மின்விசிறியில் ஒரு டை மாட்டியிருந்தது. எட்டிப் பிடிக்கப் போனேன், மாரடைப்பு. ஆட்டத் தொடக்கத்தில் நாயகனுக்குப் புள்ளிகளைப் பங்கிடும்போது உடல்வலுவுக்கு 1 புள்ளி மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை அறிவில் கொட்டியதற்குக் கிடைத்த கூலி.

2019-இல் வெளிவந்த கணினி விளையாட்டு இது. நாயகன் துப்பறியும் போலீஸ்காரன். குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்தவன். விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு பிணம் ஏழு நாளாகத் தொங்குகிறது. கற்பனை உலகம்தான், ஆனால் டிராகனும் மந்திரக்கோலும் கிடையாது. வாள்சண்டை நடக்க வேண்டிய இடத்தில் பேச்சு நடக்கிறது. நாயகனின் 24 திறன்களும் அவன் தலைக்குள் ஆளுக்கொரு குரலில் சச்சரவு செய்கின்றன. கடினமான காரியம் என்றால் இரண்டு பகடை உருளும். இரண்டிலும் ஆறு விழுந்தால் எப்பேர்ப்பட்ட காரியமும் கைகூடும். இரண்டிலும் ஒன்று விழுந்தால் மானம் போகும். தோற்றாலும் பெரும்பாலும் கதை நிற்பதில்லை, கோணலாகத் திரும்பிப் போகிறது. எனக்கு ருசித்தவை அந்தக் கோணல்கள்தான்.

கதை நடப்பது துறைமுகத்தில், வேலைநிறுத்தத்தின் நடுவில். வாசல் அடைத்துக் கிடக்க, லாரிகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது ஏறி இறங்கும் சரக்கை எண்ணி எழுதுகிறவராக இருந்தவர்; தாத்தா பெரம்பூர் பின்னி மில்காரர், 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். ராயபுரம் வீட்டில் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அப்பா, "ஏழு நாள் பிணத்தை இறக்காமல் விட்டிருக்கிறார்களே, சங்கத்துக்காரர்கள் என்னம்மா செய்துகொண்டிருந்தார்கள்?" என்றார். விளையாட்டின் பாதி மர்மம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எனக்கு அங்கே வந்துசேர இரண்டு இரவு ஆயிற்று.

சங்கத் தலைவரின் அலுவலகம் ஒரு கன்டெய்னருக்குள். வருகிறவரை உட்காரவைக்க வேண்டுமென்றே ஒரு கொடுமையான நாற்காலி. சிரித்துக்கொண்டே நம்மைக் கடனாளியாக்கிவிடுகிறார். அப்படிப்பட்டவர்களை நேரில் பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

குறை இல்லாமல் இல்லை. பேசினால்தான், படித்தால்தான் கடிகாரம் நகரும்; மீனவர் குடியிருப்புக்குப் போகும் வழி மூன்றாம் நாள்தான் திறக்கும். அதற்குள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் தீர்த்துவிட்டு, பொழுது போக்கப் பெஞ்சில் உட்கார்ந்தே கிடந்தேன். ஆங்கிலமும் லேசானதல்ல; பக்கத்தில் அகராதி வேண்டும். தமிழில் இல்லை. வழி திறந்த பிறகு வலையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் வருகிறாள், இடுப்பில் வாள். காசிமேட்டில் அரிவாள்மனையே போதும் என்று தோன்றியது, ஆனாலும் அவள் பேச்சில் உப்புக்காற்று இருந்தது.

2021-இல் வந்த பதிப்பையே வாங்குங்கள், வசனம் முழுவதும் காதில் கேட்கும். நாயகனோடு கூட வரும் கிம் என்ற அதிகாரியின் நிதானமான குரலுக்காகவே வாங்கலாம். யார் எதைச் சொன்னாலும் குறிப்பேட்டைத் திறந்துவிடுவார். அப்பாவுக்குப் பிடித்தது அவரை மட்டும்தான். "இந்தத் துறைமுகத்திலேயே இவர் ஒருவர்தான் எழுதி வைத்துக்கொள்கிறார்" என்றார்.