குரோம் மூடி நட்டிலிருந்து முழு இரும்பு நட்டுக்கு: சில வருஷ அனுபவம்

காரோடு வந்த வீல் நட்டுகளைக் கழற்றிப் போட்டுச் சில வருஷம் ஆகிறது. நடுவில் அலாய் வீலும் மாற்றியதால், அதோடு வந்த கறுப்பு நட்டுகளையும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது காரில் இருப்பது துத்தநாகப் பூச்சுப் போட்ட, ஒரே துண்டாகச் செய்த, முனை மூடிய சாதாரண இரும்பு நட்டு. மூன்றில் பார்க்க மிகவும் சுமாராக இருப்பது இதுதான். மாற்றும் எண்ணம் இல்லை.

முதலில் கம்பெனி நட்டு. பளபளவென்று இருக்கும், ஆனால் அது முழு நட்டு இல்லை. உள்ளே ஒரு சாதாரண இரும்பு நட்டு, அதன் மேல் அழுத்திப் பொருத்திய மெல்லிய தகட்டு மூடி. மூடியின் விளிம்பு வழியாகத் தண்ணீர் கசிந்தால் உள்ளே துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மெல்லிய தகடு மெதுவாக உப்பும். வெளியே பார்த்தால் தெரியாது. ஸ்பேனரைப் போடும்போதுதான் தெரியும், நேற்று வரை உட்கார்ந்த 19 மி.மீ. சாக்கெட் இன்று உட்காராது. டயர் கடையில் சுத்தியலால் தட்டி ஏற்றுவார்கள், அதில் முனைகள் மழுங்கும். எனக்கு டயர் ரொட்டேஷன் செய்தபோது சாக்கெட்டை இழுத்தால் மூடி மட்டும் அதற்குள் மாட்டிக்கொண்டு வந்தது. வெறும் நட்டின் மேல் அதே சாக்கெட்டைப் போட்டால் லொடலொடவென்று ஆடியது. நடு ரோட்டில் பஞ்சராகி, கையில் காரோடு வந்த ஸ்பேனர் மட்டும் இருந்திருந்தால் அவ்வளவுதான். உங்கள் காரில் இந்த வகை நட்டு இருந்தால் பதினாறு அல்லது இருபது நட்டிலும் சாக்கெட் ஒரே மாதிரி ஏறுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒன்று இறுக்கமாக ஏறினாலே மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம்.

புது நட்டு வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது மரை அளவு. அது சரிதான், சிக்கலும் குறைவு. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் எம் 12×1.5. சுசுகி, நிஸ்ஸான், சுபாருவில் பெரும்பாலும் எம் 12×1.25. பெரிய வண்டிகளில் எம் 14×1.5. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஸ்டட்டே (வீல் உட்காரும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி) கிடையாது, நட்டுக்குப் பதில் போல்ட்தான் வரும். முதல் எண் ஸ்டட்டின் குறுக்களவு, இரண்டாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, இரண்டும் மி.மீ. கணக்கில். 1.25 நட்டை 1.5 ஸ்டட்டில் போட்டால் ஓரிரு சுற்று போய் நின்றுவிடும். கையால் போடுகிறவருக்கு அது புரிந்துவிடும். டயர் கடையில் நட்டை இறுக்கும் இம்பாக்ட் கன் மெஷினுக்குப் புரியாது, மரையை அரைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் என் காரை யார் தொட்டாலும் முதல் சில சுற்றைக் கையால்தான் போடச் சொல்வேன்.

மரையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் சீட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. ரிம்மின் துளையில் நட்டு உட்காரும் முகத்தைத்தான் சீட் என்கிறோம். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டாவின் அசல் வீல்களில் உருண்டை சீட். டொயோட்டாவின் பல அசல் அலாய்களில் நீளத் தண்டும் தட்டை வாஷரும் உள்ள நட்டு. மரை ஒன்றாக இருப்பதால் இவை எல்லாமே ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும், இறுகவும் செய்யும், டார்க் ரெஞ்ச் (குறித்து வைத்த இறுக்கம் வந்ததும் கிளிக் சொல்லும் ஸ்பேனர்) கிளிக்கும் கொடுக்கும். ஆனால் உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். ஓட ஓட அந்தக் கோடு நசுங்கும், இறுக்கம் குறையும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காரின் எடையை ஸ்டட்டுகள் குறுக்கே தாங்கி நிற்கவில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீண்டு, ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் வீலை நகராமல் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் வீல் நெளிய ஆரம்பிக்கும், ஸ்டட் வளைந்து வளைந்து கடைசியில் முறியும்.

சீட் பொருந்துகிறதா என்று பார்க்க நான் செய்வது இதுதான்: நட்டின் கூம்பு முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, காய்ந்தபின் மாட்டி முழு அளவுக்கு இறுக்கிவிட்டுக் கழற்றிப் பார்ப்பேன். மை அகலமான பட்டையாகச் சுற்றிலும் அழிந்திருந்தால் சரி. நூல் மாதிரி ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தால் அந்த நட்டு அந்த ரிம்முக்கு ஆகாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் ஆகாது.

கறுப்பு நட்டுகள் என்னிடம் தோற்றது சீட்டால் இல்லை, சீட்டில் இருந்த பெயின்ட்டால். கூம்பின் மேலும் தடிமனாக அடித்திருந்தார்கள். மாட்டி ஒருநாள் ஓட்டிவிட்டு ரெஞ்ச் வைத்தால் கிளிக் வருவதற்கு முன் ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் நகர்ந்தது. நடுவில் இருந்த பெயின்ட் நசுங்கிய அளவுக்கு இறுக்கம் போயிருந்தது. புது நட்டு எதுவானாலும் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ரெஞ்ச் வைப்பது நல்லது, ஆனால் இவை இரண்டாவது முறையும் நகர்ந்தன. அப்புறம் அறுகோண முனைகளில் பெயின்ட் உரிந்து துரு எட்டிப்பார்த்தது. அழகுக்காக வாங்கும் பொருள் ஒரு மழைக்காலத்தில் அழகிழந்தால் அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

அலுமினிய நட்டுகளை நான் போடவில்லை. எடை குறைவு என்பது உண்மை. ஆனால் மரை மென்மையானது, அடிக்கடி கழற்றி மாட்டினால் தேயும், இரும்பு ஸ்டட்டோடு ஈரத்தில் இருந்தால் அரிப்பும் உண்டு. ரேஸ் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சோதித்து மாற்றுவார்கள், நமக்கு எதற்கு? தனிக் கீ போட்டால்தான் கழறும் லாக் நட்டு அலாய் திருட்டைத் தடுக்கப் பயன்படும், அந்தக் கீயைத் தொலைக்காத வரை.

இப்போதைய இரும்பு நட்டுகளில் முதல் ரெஞ்ச் சோதனையில் ஒன்றிரண்டு மயிரிழை நகர்ந்தன, அதன்பின் எதுவும் அசையவில்லை. பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டன, முனைகள் மட்டும் கூர்மையாகவே இருக்கின்றன. 12 மி.மீ. ஸ்டட் உள்ள கார்களுக்கு இறுக்க அளவு பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். டொயோட்டா பல கார்களுக்கு 103 என்கிறது, ஹோண்டா 108. உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே கணக்கு. அந்த எண் சுத்தமான, உலர்ந்த மரைக்குச் சொன்னது. கிரீஸ் தடவிவிட்டு அதே எண்ணுக்கு இறுக்கினால் உராய்வு குறைந்த அளவுக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும். "கொஞ்சம் கிரீஸ் வெச்சா அடுத்த தடவை ஈசியா கழறும் சார்" என்று அன்போடு சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் துருவை மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முனை மூடிய நட்டில் ஒரு ஆபத்து உண்டு, வாங்கும் முன் பார்க்க வேண்டியது. நட்டின் ஆழம் குறைவாக இருந்தால், கூம்பு ரிம்மில் உட்காருவதற்கு முன்பே ஸ்டட்டின் நுனி மூடிய முனையில் முட்டிவிடும். ரெஞ்ச் கிளிக் சொல்லும், வீல் லூசாகத்தான் இருக்கும். வீலைக் கழற்றி, வெறும் ஸ்டட்டில் நட்டைக் கையால் முட்டும்வரை ஓட்டி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். வீலை மாட்டிவிட்டு எண்ணும்போது அதைவிடக் குறைவாக வர வேண்டும். ரொம்பவும் குறையக் கூடாது. ஸ்டட்டின் குறுக்களவு அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி, அதாவது 12×1.5க்கு எட்டுச் சுற்று, 12×1.25க்குப் பத்து.

இதே கணக்கை ஸ்டெப்னியிலும் செய்ய வேண்டும். ஸ்டெப்னி பெரும்பாலும் இரும்பு ரிம். அலாயைவிடத் தகடு மெல்லியது, அதனால் ஸ்டட் அதிகமாக வெளியே நீட்டும். அலாயில் சரியாக உட்கார்ந்த நட்டு இங்கே முட்டலாம், சீட் வடிவமும் வேறாக இருக்கலாம். என் நட்டுகள் இரண்டிலும் உட்காருகின்றன. நண்பர் ஒருவருடைய காரில் உட்காரவில்லை, அவர் ஸ்டெப்னிக்கென்று பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறார். புது நட்டின் தலை 21 ஆகவோ 17 ஆகவோ இருந்தால் காரோடு வந்த ஸ்பேனர் ஏறாது, அதற்கேற்ற சாக்கெட்டும் அதே பையில் இருக்கட்டும்.