சுகர் ஊசி: பாட்டிலா, பேனாவா?

அம்மாவுக்கு 71 வயது. காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் இன்சுலின். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு வாரம் முழுக்க வெறும் வயிற்று சுகர் 280-க்குக் கீழே இறங்கவே இல்லை. இட்லியைக் குறைத்தோம், சோற்றைக் குறைத்தோம். "எங்களுக்குத் தெரியாம ஏதாவது இனிப்பு சாப்பிட்டியாம்மா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். எட்டாம் நாள் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வந்து சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மூடி ஆரஞ்சா இருக்கே, பாட்டிலை எடுங்க" என்றார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சில் அச்சிட்ட எண் அந்தந்த வீரியத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஆரஞ்சு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, 40 பாட்டிலிலிருந்து இழுத்தால் அது வெறும் 8 யூனிட். அம்மா எட்டு நாளாக 8 யூனிட்தான் போட்டுக்கொண்டிருந்தார், 20 என்று நம்பி. கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், நாங்களும் பார்க்கவில்லை.

தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. இன்சுலின் பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழலான கேட்ரிட்ஜில் வருவது 100 யூனிட் வீரியம். பேனா கெட்டுப்போனது என்று அந்தக் கேட்ரிட்ஜிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், அது 50 யூனிட். லோ சுகராகி ஆள் மயங்கி விழ அது போதும். பல நாடுகள் 40-ஐக் கைவிட்டு 100-க்கு மாறி எவ்வளவோ காலமாகிறது. இங்கே இரண்டும் ஒரே கடையில், ஒரே தட்டில் இருக்கின்றன. கண் மங்கிய ஒரு பெரியவர் மூடியின் நிறத்தை வைத்துத் தன் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்?

பேனா வந்தது இந்தக் கணக்கை ஆளின் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான். 1985-இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் முதல் இன்சுலின் பேனாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே கிடைக்கும் வழக்கமான கேட்ரிட்ஜ் 3 மில்லி, 300 யூனிட். பேனாவின் பின்பக்கத்தைத் திருகினால் அதிலுள்ள சின்ன ஜன்னலில் எண் தெரியும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் டிக் என்று சத்தம் வரும். சிரிஞ்சில் என்றால் முதலில் பாட்டிலுக்குள் காற்றை ஏற்ற வேண்டும், கவிழ்த்துப் பிடித்து இழுக்க வேண்டும், குமிழியைச் சுண்டி வெளியேற்ற வேண்டும், அப்புறம் கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டும். நாள்பட்ட சுகரால் கண்ணும் அடிபடும், விரல் நுனியும் மரத்துப்போகலாம். அந்த ஆளிடம் போய் இந்த வேலையைக் கொடுக்கிறோம்.

ஆனால் பேனாவும் முழுசாக யோசித்துச் செய்ததில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அழுத்திய உடனே ஊசியை உருவிவிடுகிறார். நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறது. அந்தச் சொட்டு அவர் உடம்புக்குள் போயிருக்க வேண்டியது. கட்டைவிரலை எடுக்காமல் பத்து வரை எண்ணச் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் முதலில் 2 யூனிட்டை வெளியே தள்ளி, மருந்து வருகிறதா என்று பார்க்கவும் வேண்டும். அந்த இரண்டு யூனிட்டை வீணாக்க அவருக்கு மனசே வராது. ஊசியைக் கழற்றாமல் அப்படியே வைத்துவிடுவார். காற்று உள்ளே போய்விடும். சிரிஞ்சில் தப்பு நடந்தால் கண்ணில் படும். பேனாவில் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் மருந்து போய்விட்டது என்று நம்புவோம்.

இதில் படிப்பறிவைக் குறை சொல்லவே கூடாது. 2017-இல் அமெரிக்காவில் ஒரு எச்சரிக்கை வெளியானது. பேனா ஊசிக்கு வெளி மூடி, உள் மூடி என்று இரண்டு உண்டு. சிலர் உள் மூடியைக் கழற்றாமலே குத்திக்கொண்டார்கள். மருந்து உடம்புக்குள் போகவே இல்லை. ஒருவர் இறந்தும் போனார். ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது தானாக மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசியில். அதில் கழற்ற வேண்டிய உள் மூடி கிடையாது. வீட்டுக்கு வாங்கிப் போனது சாதாரண ஊசி.

செலவில் பாட்டில்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். அதை நம்பியிருக்கும் வீட்டில் போய் "பேனாவுக்கு மாறுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெயிலில் இரண்டும் ஒன்றுதான். பிரிக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பயன்பாட்டில் இருப்பதை வெளியிலேயே வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தாலும், அது 30 டிகிரிக்குள் என்ற கணக்கு. சித்திரையில் நம் ஊர் அடுக்களையில் ஏது 30 டிகிரி? ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானைத் தண்ணீருக்குள் டப்பா வைத்து, அதில் மருந்தை வைக்கிறார்கள். நல்ல வழிதான்.

உடம்போடு இணைத்து, நாள் முழுக்க இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் பம்ப் பற்றி ஒரு வார்த்தை. விலை லட்சங்களில் போகிறது, அதனால் பெரும்பாலானவர்களுக்கு அது தேர்விலேயே இல்லை. முதல் வகை சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கு அதன் அருமை தனி. அதன் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அமெரிக்காவின் டேனா லூயிஸ். அவருக்கும் முதல் வகை சர்க்கரை நோய்தான். ராத்திரி சுகர் இறங்கும்போது, சுகரைத் தொடர்ந்து அளக்க அவர் உடம்பில் மாட்டியிருந்த கருவி அலாரம் அடிக்கும், ஆனால் அவரை எழுப்பும் அளவுக்குச் சத்தம் இல்லை. 2013-இல் சத்தமாக அடிக்கும் அலாரத்தைத் தானே செய்துகொண்டார். அது வளர்ந்து, தானாக இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஓப்பன்ஏபிஎஸ் ஆனது. நோயாளி கேட்டது சத்தமான அலாரம், அவ்வளவுதான்.

சரி, எதை வாங்குவது? கண்ணும் கையும் நன்றாக இருந்து, பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஒருவரும் இருந்தால் பாட்டிலே போதும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாட்டிலில் 40 என்றும் சிரிஞ்சில் 40 என்றும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். தனியாக ஊசி போட்டுக்கொள்ளும் வயதானவருக்கு, கொஞ்சம் முடியுமானால்கூட பேனாதான் என் தேர்வு. ஆனால் நீங்கள் திருகிப் பார்த்து வாங்காதீர்கள். அவர் கையில் கொடுங்கள், கண்ணாடி இல்லாமல் ஜன்னலில் எண் தெரிகிறதா, கட்டைவிரல் கடைசி வரை அழுத்துகிறதா என்று பாருங்கள்.

அம்மாவுக்கு இப்போது இரண்டு பேனா, காலைக்கு ஒரு மருந்து, இரவுக்கு வேறு. நிறம் வேறுதான், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. காலைப் பேனாவில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறார். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விளக்கைப் போடாமலே தடவி எடுத்துவிடுகிறார்.