சேலத்தில் உருகுது, ஏற்காட்டில் கல்லாகுது: வீட்டு முகக் கிரீமில் எது தேறும்?

நான் இருப்பது சேலம் அம்மாப்பேட்டையில், அக்கா ஏற்காட்டில். நடுவில் 30 கிலோமீட்டர் சொச்சமும் 20 கொண்டை ஊசி வளைவுகளும்தான், ஆனால் உயரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் வித்தியாசம். இந்த வித்தியாசம் முகக் கிரீமில் வந்து விடியும் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. மார்கழியில் ஒரே சட்டியில் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருக்கி இரண்டு டப்பாவில் ஊற்றி ஒன்றை மேலே கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் போன்: "ஏன்டி, இதைக் கரண்டி வச்சுப் பேர்த்து எடுக்கணுமா?" என் டப்பா என்னவோ பதமாகத்தான் இருந்தது, ஆனால் சித்திரையில் அதே கலவையைச் செய்தபோது மதியம் மூடியைத் திறந்தால் தளதளவென்று எண்ணெய்.

காரணம் எளிது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும், தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். மலைக்குளிரில் இரண்டுமே இறுகிவிடுகின்றன, சேலத்து வெயிலில் எண்ணெய் இளகி மெழுகு ஒன்றுதான் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் இப்போது எனக்கு ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய், அக்காவுக்கு ஒன்றுக்கு ஐந்து, அதிலும் பாதி நல்லெண்ணெய். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணம் வைத்து உருக்குங்கள், தீப்பிடிக்கிற பொருள் அது. மெழுகு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், தேன் வாசனை கொஞ்சமாவது வர வேண்டும், இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி மெழுகைக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மெழுகுக் களிம்பின் பெரிய பலம், இதில் தண்ணீரே இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலை இல்லை, ஈரக்கை படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதம் கெடாது. பலவீனம், முகத்தில் பிசுபிசுவென்று உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே எண்ணெய் வழியும் முகம் என்றால், அதுவும் பங்குனி வெயிலில், வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் துளைகளை அடைத்துப் பரு கிளப்பும் என்பது பலரும் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். பித்தவெடிப்புக்கும் உதட்டுக்கும் இதை அடிக்க ஆள் இல்லை.

அடுத்தது கற்றாழை. எல்லாரும் செய்வது, எல்லாரும் கெடுப்பதும் இதைத்தான். நான் கெடுத்த கதையைச் சொல்கிறேன். மடலைச் சீவி, சோற்றை மிக்ஸியில் அடித்து, பாதாம் எண்ணெய் விட்டு, வைட்டமின் ஈ மாத்திரை இரண்டைக் கிள்ளி ஊற்றி, "இனி ஒரு மாதத்துக்குக் கவலையில்லை" என்று குளியலறை அலமாரியில் வைத்தேன். எட்டாம் நாள் மூடியின் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். பூஞ்சையையும் கிருமியையும் அது ஒன்றும் செய்யாது. கண்ணுக்குப் புள்ளி தெரிவதற்கு முன்பே உள்ளே கிருமி பெருகியிருக்கும் என்பதுதான் இதில் மோசமான சங்கதி.

ஆனாலும் கோடையில் சேலத்துக்காரர்களுக்கு என் ஓட்டு கற்றாழைக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. கிரீமாகச் செய்து சேமிக்காதீர்கள். மடலை வெட்டிக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்தால் மஞ்சள் பால் வடிந்துவிடும் (அரிப்பு வருவது பெரும்பாலும் அதனால்தான்), பிறகு சோற்றைக் கழுவி அடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்றே நாளில் தீர்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டுமென்றால் பூசும்போது உள்ளங்கையில் இரண்டு சொட்டு கலந்தால் போதும். டப்பாவில் கலந்து வைத்தாலும் அது பிரிந்துதான் நிற்கும்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, செய்ய யாருக்கும் பொறுமை இல்லாதது: நூறு முறை கழுவிய நெய். ஆயுர்வேதத்தில் சததௌத கிருதம் என்பார்கள். செம்புத் தாம்பாளத்தில் 50 கிராம் பசு நெய், கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர், உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துவிட்டுத் தண்ணீரை வடிப்பது, அப்படியே நூறு தடவை. எனக்கு ஒன்றரை மணி நேரமும் ஒரு முழு டிவி படமும் ஆனது. முப்பதாவது தடவை வாக்கில் மஞ்சள் வெளுக்க ஆரம்பிக்கிறது, கடைசியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக, நெய் வாடை பெரும்பாலும் போய், தொட்டால் கரைகிறது. பிசுபிசுப்பில் மெழுகுக் களிம்பைவிட எவ்வளவோ மேல். மலைமேல் வறண்டு வெள்ளை பூக்கிற கன்னத்துக்கு அக்கா இதைத்தான் கேட்கிறாள், தேய்க்க மட்டும் நான் வேண்டும். கழுவிய தண்ணீர் உள்ளே துளித்துளியாகத் தங்கும் என்பதால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கழுவி, சின்ன அளவில் செய்து, ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. கீழே சேலத்தில் வெளியே வைத்தால் இளகித் தண்ணீர் விட்டுக்கொள்கிறது.

கடையில் வாங்குகிற மாதிரி வெள்ளை வெளேரென்ற கிரீம்தான் வேண்டும் என்பவர்களுக்கு எமல்சிஃபையிங் வாக்ஸ் இருக்கிறது, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கிற மெழுகு. எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியே 70 டிகிரிக்குச் சூடாக்கிச் சேர்த்து அடிக்க வேண்டும். இதில் முக்கால்வாசி தண்ணீர், ஆகவே கெடாமல் காக்கும் பதப்படுத்தி ஒன்று இல்லாமல் முடியாது. பீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் என்று கிராம் தராசில் நிறுத்துப் போட வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டாலே "ஐயோ கெமிக்கல்" என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், வருபவர்கள் அதை விடவும் வேண்டாம். பழைய குறிப்புகளில் எமல்சிஃபையிங் வாக்ஸுக்குப் பதில் வெங்காரம் (போராக்ஸ்) போடச் சொல்வார்கள், முகத்துக்கு நான் அதைத் தொடுவதில்லை.

எதைச் செய்தாலும் முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். எலுமிச்சைச் சாறு எதிலும் வேண்டாம், பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கறுப்புத் திட்டும் வரலாம். இவற்றில் ஒன்றுகூட சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது, அதைக் கடையில்தான் வாங்கியாக வேண்டும்.