ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு வேண்டுமா, வேண்டாமா?

செல்லமாக வளர்க்கப்போகும் வெள்ளாட்டுக் குட்டியின் கொம்பை இருக்கவிடுவதா, முளையிலேயே தீய்த்துவிடுவதா என்று கேட்பவரிடம் முதலில் குட்டியின் வயதைக் கேட்க வேண்டும். பலரும் பால் மறந்த இரண்டு, மூன்று மாதக் குட்டியைத்தான் வாங்குகிறார்கள். தீய்ப்பதற்கு உரிய காலமோ பிறந்த முதல் வாரம், தள்ளிப்போனால் இரண்டாம் வாரம். கிடாக்குட்டிக்கு முளை விரைவாகத் தடிக்கும் என்பதால் இன்னும் முந்த வேண்டும்.

கொம்பின் வெளிப்புறம் நகத்தை ஒத்த கெரட்டின் உறை. உள்ளே, நெற்றி எலும்பிலிருந்து எழும் ரத்த ஓட்டம் மிகுந்த எலும்புத் தண்டு. ஆடு வளர வளர நெற்றியின் காற்றறையும் அத்தண்டுக்குள் நீள்வதால், வளர்ந்த கொம்பை அடியோடு அறுத்தால் அந்த அறையே திறந்துகொள்ளும். ஈ மொய்த்துப் புழு வைக்கும், புண் ஆற வாரக்கணக்காகும். ரப்பர் வளையம் மாட்டி உதிரவைப்பது வலியை நீட்டிக்கும் வேலை என்பதால் அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உரிய வயதில் செய்வதானால் சூட்டுக்கோல், முளையை அரித்து அழிக்கும் காரப் பசை (அமிலத்துக்கு எதிரான காரம்) என இரண்டு வழிகள் உண்டு. சூட்டுக்கோலின் வேலை சில நொடிகளில் முடியும் என்றாலும், ஆட்டுக்குட்டியின் மண்டையோடு மெல்லியது. கன்றுக்குச் சூடு வைத்துப் பழகியவர் அதே கணக்கில் அழுத்திப் பிடித்தால் மூளைவரை பாதிக்கும். கன்றுக்கு ஒரு கொம்புக்கு ஒரு நரம்பை மரக்கச் செய்தால் பெரும்பாலும் போதும், ஆட்டுக்கோ ஒவ்வொரு பக்கமும் இரண்டு நரம்புகளை மரக்கச் செய்ய வேண்டும். சிற்றுடலில் மருந்தின் அளவு கூடினாலும் ஆபத்து. கால்நடை மருத்துவர் மயக்கமும் வலிநிவாரணியும் கொடுத்து, டெட்டனஸ் பாதுகாப்போடு செய்யாவிட்டால் இதைத் தொடவே கூடாது. முளை முழுதும் தீயாமல் போனால், குறிப்பாகக் கிடாவுக்கு, கோணல்மாணலான குறைக்கொம்பு எழுந்து சில வேளை வளைந்து தோலிலேயே குத்தும். காரப் பசை எளிதாகத் தோன்றினாலும், குட்டி தலையைத் தேய்க்கும்போது அது கண்ணிலும் உடன்பிறந்த குட்டியின் உடலிலும் தாயின் மடியிலும் பட்டு வேகவைக்கும். இரண்டில் பசையே மோசமானது.

பிறவியிலேயே கொம்பில்லாத மோழை ஆட்டைத் தேடுவது நல்ல யோசனைதான், ஆனால் மோழையோடு மோழையை இணைக்கக் கூடாது. மோழைத் தன்மையை இரு பக்கமிருந்தும் பெறும் பெட்டைக் குட்டிகள் இருபால் கலப்பாகி மலடாகும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆகவே வாங்கிய குட்டிக்குக் கொம்போடு வாழ்வதே தகும் வழி. உடல் வெப்பத்தை வெளியேற்றவும் கொம்பு உதவுகிறது. தொட்டால் கதகதப்பாக இருப்பது இயல்பே, காய்ச்சல் அன்று. கொம்பு செழிக்கட்டும் என்று தானியத்தைக் கூட்டினால் கிடாவுக்குச் சிறுநீர்ப்பாதைக் கல் வரலாம். தழையும் ஆட்டுக்குரிய தாது உப்பும் போதும். செம்மறிக்கான கலவையில் தாமிரம் குறைவு என்பதால் அது வெள்ளாட்டுக்குப் பொருந்தாது. தலை நுழைந்து கொம்பு மாட்டிக்கொள்ளும் அளவுள்ள கம்பிவலையைத் தவிர்க்க வேண்டும். குட்டியைக் கொம்பைப் பிடித்து இழுப்பதும், நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடுவதும் வேண்டாம்: முன்னது இளங்கொம்பை முறிக்கும், பின்னது முட்டப் பழக்கும். அடியில் முறிந்து ரத்தம் வழிந்தால், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.