ஹெலினாக்ஸ் சேர் ஜீரோ: மலைக்குத் தூக்கிப்போக ஏற்ற அரைக் கிலோ நாற்காலியா?

மலையில் பகல் 2 மணிக்குக் கேம்புக்கு வந்து சேர்ந்தால், தூங்கப்போகும்வரை ஐந்தாறு மணி நேரம் கையில் இருக்கும். அவ்வளவு நேரமும் ஈரப் புல்லிலோ கூர்ப்பாறையிலோ முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால், மறுநாள் ஏற்றத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் சுமைப்பையில் ஒரு நாற்காலிக்கு இடம் ஒதுக்குவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வாங்கும்போது எல்லோரும் கிராம் கணக்கை மட்டுமே பார்க்கிறார்கள். வாங்கிய பிறகு வரும் புகாரோ வேறு: கால் புதைகிறது, பின்னால் சாய்கிறது. இந்த ரக நாற்காலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் நான்கு கால்களையும், அவை ஊன்றப்போகும் தரையையும்தான்.

ஹெலினாக்ஸ் தென்கொரிய நிறுவனம். கூடாரக் குழாய்களுக்குப் பெயர்போன டிஏசியின் அலுமினியக் குழாய்களை வைத்துத்தான் நாற்காலி செய்கிறது. சேர் ஜீரோவின் எடை ஏறத்தாழ 490 கிராம், உறையோடு சேர்த்தால் 500ஐ ஒட்டி வரும். மடித்தால் 35 செ.மீ. நீளம், 10 செ.மீ. தடிமன், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் நிற்கும். 120 கிலோ வரை தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. உட்காரும் உயரம் 28 செ.மீ., முதுகின் மேல் விளிம்பு தரையிலிருந்து 64 செ.மீ. வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியின் உயரம் பொதுவாக 45 செ.மீ. இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இது எவ்வளவு தாழ்வு என்று புரியும். அமெரிக்காவில் விலை 120 முதல் 150 டாலர் வரை போகிறது. இறக்குமதி செய்தால் சுங்கமும் அனுப்பும் செலவும் தனி.

பொருத்துவதற்கு ஒரு நிமிடம் போதும். குழாய்கள் எல்லாம் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றால் கோக்கப்பட்டிருப்பதால், உதறினாலே பாதி தானாகச் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேரவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தடவி, இடைவெளி இல்லாமல் கடைசிவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும், உட்காரும் பாரம் முழுவதும் மெல்லிய குழாய் விளிம்பில் விழுந்து அது பிளக்கும். அடுத்தது துணி. நான்கு மூலையிலும் சின்னப் பைகள் உண்டு. முதுகுப் பக்கத்து இரண்டையும் முதலில் மாட்டிவிட்டு, பிறகு முன்பக்கம் வாருங்கள். நான்காவது மூலை எப்போதும் முரண்டு பிடிக்கும், குளிரில் இன்னும் அதிகம். துணியின் ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், தையல் விடும். மூலைப் பையை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, மறு கையால் குழாயின் நுனியை உள்நோக்கி வளைத்து நுழைத்துவிடுங்கள். நுனி பையின் அடிவரை போய் முட்டும்போது ஒரு சின்ன 'டக்' கேட்கும். அது கேட்கும்வரை உட்கார வேண்டாம்.

இனி தரை. காலடியில் இருக்கும் ரப்பர் குமிழ் சுமார் 2 செ.மீ. விட்டம் என்று கொள்வோம். ஒன்றின் பரப்பு 3 சதுர செ.மீ. சொச்சம், நான்கும் சேர்ந்தால் 12.5. அதில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் சதுர செ.மீட்டருக்கு 6 கிலோ அழுத்தம். அதே ஆள் இரண்டு பாதத்தையும் ஊன்றி நின்றால் கால் கிலோ அளவுதான். அதாவது, நீங்கள் நடந்தால் தடம்கூடப் பதியாத புல்வெளியில் இந்த நாற்காலியின் கால் நான்கு விரற்கடை இறங்கும். அதுவும் சமமாக இறங்காது. சாய்ந்து உட்காரும்போது பாரம் பின்காலுக்குப் போவதால் பின்கால்கள் இரண்டும் முதலில் புதையும். முதுகு சரியும், சரியச் சரியப் பாரம் இன்னும் பின்னே போகும். கொஞ்ச நேரத்தில் ஆள் மல்லாந்து கிடப்பார். பனி உருகிய இமயமலைப் புல்வெளி, ஆற்று மணல், கடற்கரை, மழைக்குப் பிந்தைய மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்தரை எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இதற்கு ஹெலினாக்ஸே இரண்டு மருந்து விற்கிறது. ஒன்று, நான்கு காலையும் மூலைகளில் செருகிக்கொள்ளும் தரைவிரிப்பு. மணலுக்கும் பனிக்கும் இதுதான் நம்பகமானது. இன்னொன்று, காலில் மாட்டும் விப்ரம் ரப்பர் பந்து. சேர் ஜீரோவுக்கு 45 மி.மீ. அளவு, அதே நிறுவனத்தின் பெரிய மாடலான 'சேர் ஒன்'னுக்கு 55 மி.மீ. அளவு, மாற்றி வாங்கினால் பொருந்தாது. 45 மி.மீ. பந்து பாதி அமுங்கிய நிலையில் ஒவ்வொன்றும் 16 சதுர செ.மீ. பரப்பைக் கொடுக்கிறது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டலாம் என்று பலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் ஒரு டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம். நான்கு போட்டால் நாற்காலியின் எடையில் பாதியை மறுபடி ஏற்றிக்கொண்டோம். கார் கேம்பிங்குக்குச் சரி, மலையேற்றத்துக்கு வீண். செலவில்லாத வழி பின்கால்களுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு தட்டைக் கற்களை வைப்பது. முன்கால் கொஞ்சம் புதைந்தாலும் பரவாயில்லை, சாய்வு சரியாகிவிடும்.

தரை சரிவாக இருந்தால், மேட்டுப் பக்கம் முதுகும் பள்ளத்துப் பக்கம் முகமுமாகப் போடுங்கள். திருப்பிப் போட்டால் கல் வைத்தும் பயனில்லை. உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது. 120 கிலோ என்ற கணக்கு மெதுவாக உட்காருபவருக்கானது. விழும் உடம்பு அந்த நொடியில் தன் எடையைவிடப் பல மடங்கு பாரத்தை ஏற்றும். இரண்டு பக்கத்துத் துணி விளிம்பையும் கையால் தொட்டுப் பார்த்து, நடுவில் இறங்குங்கள். ஒரு தொடையை மட்டும் ஓரத்தில் வைத்துத் திரும்பிப் பேசுவதும், பின்னிரண்டு காலில் ஆடுவதும் குழாயை வளைத்துவிடும். ஒருமுறை வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். நிமிர்க்கும்போதே விரிசல் விடும்.

உட்கார்ந்த பிறகு? இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்திருக்கும், துணி தொட்டில்போல அணைத்துக்கொள்ளும். முதுகின் கீழ்ப்பாதிக்கு அருமையான தாங்கல். தோளுக்கும் கழுத்துக்கும் எதுவும் கிடையாது. ஆறடிக்கு மேல் உள்ளவர்களுக்கு மேல் விளிம்பு தோள்பட்டை எலும்புக்கும் கீழே நின்றுவிடும். அகன்ற இடுப்புக்காரர்களுக்குப் பக்கக் குழாய்கள் தொடையை நெருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதிலிருந்து எழ ஊன்றுகோல் தேட வேண்டிவரும். ட்ரெக்கிங் கம்பு இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 3,000 மீட்டருக்கு மேல் இன்னொரு விஷயம் தெரியவரும்: மெல்லிய துணிக்கு அடியில் காற்று ஓடுவதால், உட்காரும் இடம் தரையில் உட்கார்ந்ததைவிடக் குளிரும். 60 கிராம் எடையுள்ள தெர்ம்-அ-ரெஸ்ட் இசட் சீட் போன்ற ஃபோம் துண்டு ஒன்றைத் துணிமேல் போட்டால் தீர்ந்தது.

காற்றையும் கவனியுங்கள். எழுந்து போனால் நாற்காலி உருண்டோடும். வெறும் அரைக் கிலோ, துணியோ பாய்மரம். எழும்போதெல்லாம் கவிழ்த்து வைத்து மேலே ஷூவையோ கல்லையோ வையுங்கள். இரவு மழையில் இருக்கையில் தண்ணீர் தேங்காமலிருக்கவும் இதே வழிதான். தீ மூட்ட அனுமதியுள்ள இடத்தில் பொறி பறக்கும் தூரத்துக்குள் போடாதீர்கள், பொத்தல் விழும். கூடாரத்துக்குள் போடவே கூடாது. மேலே சொன்ன 6 கிலோ அழுத்தம் கூடாரத் தரைத் துணியைத் துளைத்துவிடும்.

இதே ரகத்தில் போட்டி என்றால் அமெரிக்காவின் ஆர்இஐ கூட்டுறவு விற்கும் ஃப்ளெக்ஸ்லைட் ஏர். 450 கிராம் சொச்சம், தாங்கும் எடை 113 கிலோ. கால் புதைவதில் இதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கிருந்து வரும் உறவினர் வாங்கி வந்தால் நல்ல பேரம். எடை கூடினாலும் வசதி வேண்டும் என்பவர்களுக்கு சேர் ஒன். ஒரு கிலோவை நெருங்கும், ஆனால் 145 கிலோ தாங்கும், உட்காரும் உயரம் 34 செ.மீ. முழங்கால் தகராறு உள்ளவருக்கு அந்த 6 செ.மீ. வித்தியாசத்துக்காகவே நான் இதைத்தான் சொல்வேன். நீமோவின் மூன்லைட்டில் சாய்வைக் கூட்டிக் குறைக்கலாம், எடை 900 கிராம் அளவில் வரும். முதுகில்லாத மூன்று கால் ஸ்டூல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகுச் சாய்மானத்துக்காகத்தானே நாற்காலி தூக்குகிறோம்?

காலே இல்லாத ரகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் பல நேரம் சரியாகப் பொருந்தும். சம்மணம் போட்டுத் தரையில் உட்காரப் பழகியவருக்கு உயரம் தேவையில்லை, முதுகுக்குப் பிடிமானம் மட்டும் இருந்தால் போதும். கிரேஸி கிரீக் நிறுவனம் 1987 முதல் செய்துவரும் கீல் நாற்காலி அப்படிப்பட்டது. இரண்டு பலகைபோல மடங்கி, பக்கவாட்டுப் பட்டைகளால் முதுகை நிமிர்த்திப் பிடிக்கும். அதன் ஹெக்ஸ் மாடல் சுமார் 600 கிராம். சேர் ஜீரோவைவிடக் கனம் என்றாலும் புதையாது, கவிழாது, கூடாரத்துக்குள்ளும் போடலாம், இரவில் கால்மாட்டில் மெத்தையாகவும் விரிக்கலாம். தூங்க விரிக்கும் மெத்தையையே ('பேட்') மடித்து நாற்காலியாக்கும் உறைகளும் உண்டு, 300 கிராம் அளவில். எடைக்கணக்கில் இவைதான் முதலிடம். ஆனால் காற்றடைத்த மெத்தையை மடித்து அதன்மேல் உடம்பைச் சாய்த்தால் மடிப்புத் தையலில் அழுத்தம் ஏறும். அடியில் ஒரு முள் இருந்தால் அன்றிரவு தூக்கம் போச்சு. ஃபோம் பேட் வைத்திருப்பவர்கள் மட்டும் இதை வாங்கலாம்.

நாற்காலியே வேண்டாத பயணங்களும் உண்டு. இமயமலையில் ஏற்பாட்டாளரோடு போகும் குழுப் பயணங்களில் சாப்பாட்டுக் கூடாரத்தில் பெரும்பாலும் ஸ்டூல் போட்டிருப்பார்கள். நேபாளத்தின் டீ ஹவுஸ் (வழியோரத் தங்கும் விடுதி) பாதைகளில் பெஞ்சும் அடுப்பும் காத்திருக்கும். ஒரே நாளில் ஏறி இறங்கும் பாதைகளுக்கு 60 கிராம் ஃபோம் துண்டும், முதுகுக்கு முட்டுக்கொடுக்க நிறுத்திய பையும் போதும். கூடாரத்தையும் சாப்பாட்டையும் தானே சுமந்து இரண்டு இரவுக்கு மேல் தங்குபவருக்குத்தான் சேர் ஜீரோ தன் விலைக்கு வேலை செய்யும்.

இணையக் கடைகளில் இதே உருவத்தில், நான்கில் ஒரு பங்கு விலைக்கு நகல்கள் கிடைக்கின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சில சோதனைகள் செய்யாமல் வாங்காதீர்கள். எடையை உறையோடு சமையலறைத் தராசில் போடுங்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் உறையைக் கழித்திருப்பார்கள். குழாயின் அலுமினியக் கலவை 7075 வகையா 6061 வகையா என்று கேளுங்கள். இரண்டும் டி6 பதத்தில் (சூடாக்கிக் கடினப்படுத்திய நிலையில்) இருந்தால், முன்னது வளையத் தொடங்கும் வலிமை பின்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. குழாய்கள் சந்திக்கும் பிளாஸ்டிக் மையத்தைச் சூரிய வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வார்ப்புக் கோட்டிலோ துளையின் ஓரத்திலோ வெண்மை படர்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும், மலையில் அதற்கு வைத்தியம் கிடையாது. மூலைப் பைகளில் இரட்டைத் துணியும் குறைந்தது இரண்டு வரிசைத் தையலும் இருக்க வேண்டும்.

சேர் ஜீரோவிலும் முதலில் தேய்வது இந்த மூலைப் பைகள்தான். குழாய் நுனி உள்ளிருந்து அரைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், நூல் பிசிறினால் அப்போதே தைத்துவிடலாம். வழியில் கிழிந்தால் ஒட்டுப்பட்டை இந்த இழுவிசைக்கு நிற்காது. தடித்த ஊசியும் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலும் கையிலிருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். மணலில் போட்ட நாற்காலியை நல்ல தண்ணீரில் அலசி, ஜாயின்ட்டுகளைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். உள்ளே தங்கும் மணல் குழாயைக் கீறிப் பிசிறாக்கும், அந்தப் பிசிறு எலாஸ்டிக் கயிற்றை அறுக்கும். மடிக்கும்போது குழாய்களைச் சடாரென்று விடாமல் கையால் பிடித்தே மடக்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் கயிறு தளர்ந்துபோகும். மாற்றுக் கயிறு 2.5 முதல் 3 மி.மீ. தடிமனில் வெளிப்புறச் சாமான் கடைகளில் கிடைக்கும். குழாய்கள் முழுவதும் சேர்ந்த நிலையில் லேசான இழுப்பு இருக்கும்படியும், மடித்த நிலையில் உச்சத்துக்கு நீண்டுவிடாதபடியும் வெட்டி, நுனியைத் தீயில் காட்டி உருக்கி, முடிச்சிட்டு உள்ளே தள்ளுங்கள்.