ஒரு நாள் லீவில் ஊட்டி மலை ரயில்: ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தேறுமா?

ஊட்டி ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று நாள் லீவோடு குடும்பமாக வருகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். கோவையில் சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். படிப்பு முடிந்ததும் ஹவுஸ் சர்ஜனாகச் செய்யும் ஒரு வருஷக் கட்டாயப் பயிற்சி) செய்கிறவருக்குக் கிடைப்பதோ நைட் டியூட்டிக்கும் அடுத்த அட்மிஷன் நாளுக்கும் (புது நோயாளிகளை யூனிட்டில் சேர்க்கும் நாள்) நடுவில் சிக்கிய ஒரே ஒரு நாள். வருஷம் முழுக்கச் சேர்த்தாலே எடுக்கக்கூடிய லீவு 15 நாள்தான். அந்த ஒரு நாளை, அதுவும் மே மாதத்தில், நாலு நண்பர்களோடு இந்த ரயிலில் செலவழிக்கலாமா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை முழுப் பாதையும் போவதென்றால் யோசிக்க வேண்டும். குன்னூர்–ஊட்டி துண்டு மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம்.

ரயிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த மீட்டர்கேஜ் பாதை இது. சுமார் 46 கி.மீ., 16 குகைகள், 208 வளைவுகள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மலையடிவாரக் கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஓடும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது, ஏனென்றால் ஏற்றம் சில இடங்களில் சுமார் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் ஏறும்போது முதல் பெட்டியில் உட்கார்ந்தவருக்கு எதிரே மலை மட்டுமே தெரியும். பெட்டிக்கு வெளியே சின்ன மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பச்சைக்கொடி அசைப்பதும், அதைப் பார்த்து அடுத்த பெட்டிக்காரர் அசைப்பதும் வளைவுகளில் பார்க்க அவ்வளவு அழகு. வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கி டீ குடிக்கலாம். கையில் வடை இருந்தால் குரங்கின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

சிக்கல் நேரத்தில்தான். மேட்டுப்பாளையத்தில் காலை 7:10க்குக் கிளம்பும் ரயில் ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும், கிட்டத்தட்ட 4 மணி 45 நிமிடம். பஸ்ஸில் அதே ஏற்றம் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடியும். திரும்பும் ரயில் ஊட்டியில் மதியம் 2 மணிக்கு. அதாவது இரு வழியும் ரயில் என்றால் மேலே இருப்பது வெறும் இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடித்தால் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதுதான். இறங்கும் ரயில் மேட்டுப்பாளையம் சேர 5:35. அங்கிருந்து கோவைக்கு 35 கி.மீ. பஸ், மாலை நெரிசல். அன்று இரவு 8 மணிக்கு டியூட்டி வைத்துக்கொண்டு இந்த ரயிலில் ஏறாதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலே கணக்கு தவறிவிடும். அப்போது வார்டில் நிற்கிறவர் உங்களுக்காகக் காத்திருக்கும் உங்கள் நண்பர்.

டிக்கெட் விஷயம் இதைவிடக் கசப்பு. முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கிறது, கோடைச் சனி ஞாயிறுகள் உடனே காலியாகிவிடும். டியூட்டி ரோஸ்டரோ ஒவ்வொரு துறையிலும் போஸ்டிங் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் வரும். 60 நாள் கழித்து எந்த யூனிட்டில் இருப்போம் என்பதே பலருக்குத் தெரியாது. இது போதாதென்று, டியூட்டியை நண்பரோடு மாற்றிக்கொள்வது போல எடுத்த டிக்கெட்டை எக்ஸ்சேஞ்ச் செய்யவும் முடியாது: பெயரைக் குடும்பத்தாருக்கு மாற்றலாம், நண்பருக்கு மாற்ற ரயில்வே விதி இடம் தராது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட், பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறலாம் என்று நினைக்காதீர்கள். முழுப் பாதையும் போயே தீர வேண்டும் என்றால் சனி ஞாயிறை மறந்துவிட்டு, செவ்வாய் அல்லது புதனுக்குப் பதிவு செய்யுங்கள். ரோஸ்டர் ஒத்துவராதவர் தன் பெயரை மட்டும் ரத்து செய்துகொள்ளலாம், மற்ற மூவரின் டிக்கெட்டும் அப்படியே இருக்கும்.

நாலு பேருக்கும் பொதுவாக ஒரு நாள் கிடைப்பது ரயில் கிடைப்பதைவிட அரிது. அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் அட்மிஷன். நாலு நண்பர்கள் நாலு யூனிட்டில் இருந்தால் நாலு வெவ்வேறு அட்மிஷன் நாள், அதற்கு மறுநாள் இழுத்தடிக்கும் ரவுண்ட்ஸும் நாலு. ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, அட்மிஷன் நாளையும் அதன் மறுநாளையும் ஒவ்வொருவருக்கும் அடித்துப் பாருங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கட்டம், சில வாரம் அதுவும் இருக்காது. கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங் 12 வாரம் நடக்கும், ஞாயிறும் பெரும்பாலும் கைக்கு வரும், அதனால் கூட்டுப் பயணத்துக்கு அதில் இருப்பவரை நம்பலாம். மகப்பேறு 7 வாரத்தில் இருப்பவரிடம் தேதி கேட்பதே பாவம். எக்ஸ்சேஞ்ச் கேட்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். யாருக்குப் பதில் யார் என்று எழுதி பி.ஜி.யிடமும் (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) யூனிட்டில் பொறுப்பான உதவிப் பேராசிரியரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஓகே மச்சி’ என்று வந்த பதில் வருகைப் பதிவேட்டில் ஏறாது.

நைட் முடிந்த அதே காலையில் மலைக்குக் கிளம்புவதை ஒரேயடியாக விட்டுவிடலாம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு நம் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. கேஷுவாலிட்டி நைட் முடித்துவிட்டு பைக்கில் குன்னூர் சாலையின் பர்லியார் வளைவுகளில் ஏறுகிறவரின் நிலை என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் போனால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் தூங்கி வழிந்துகொண்டு பாதி குகைகளைத் தவறவிடுவீர்கள். நைட் முடிந்த நாள் தூங்குங்கள், மறுநாள் கிளம்புங்கள்.

ஒரு நாளுக்குச் சரிவரும் திட்டம் இது. காலை 5 மணிக்குக் கோவை மேட்டுப்பாளையம் சாலை பஸ் நிலையத்தில் ஊட்டி பஸ் ஏறி, ஊட்டி வரை போகாமல் குன்னூரில் இறங்குங்கள். எட்டு மணிக்குள் டிபன் முடிந்துவிடும். 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் மர நிழலில் ஒரு மணி நேரம் போதும். மே மாதப் பழக் கண்காட்சி நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில்: 19 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். இங்கே பற்சக்கரம் கிடையாது, டீசல் எஞ்சின்தான். நீராவி எஞ்சினைப் பார்க்க ஆசைப்பட்டவருக்கு ஏமாற்றம்தான், ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு பள்ளத்தாக்கைத் திறந்து காட்டும். கேத்தியில் காய்கறித் தோட்டங்கள் படிப்படியாக இறங்குவதைப் பார்க்கவே இந்த டிக்கெட் எடுக்கலாம். இந்தத் துண்டுக்குக் கவுன்டரில் முன்பதிவில்லா டிக்கெட் கிடைக்கும், முன்கூட்டியே போய் வரிசையில் நில்லுங்கள். நாளுக்குச் சில ரயில்கள்தான், கோடையில் சிறப்பு ரயில்களும் சேரும். நேரத்தை முந்தைய இரவே பார்த்து வையுங்கள். ஊட்டியிலிருந்து 3 மணிக்குள் இறங்கும் பஸ்ஸைப் பிடித்தால் இரவு 8 மணிக்கு முன் அறையில் இருக்கலாம்.

ஆறேழு பேர் சேர்ந்து வேன் பிடிக்கலாம் என்ற யோசனை எல்லாக் குழுவிலும் ஒருவருக்கு வரும். 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நாளுக்கு 6000 வண்டி, வார இறுதியில் 8000 என்று உச்சவரம்பும் வந்தது. சீசனில் மேலே போக குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். திரும்பும்போது குன்னூரில் நிறுத்தலாம் என்று போட்ட திட்டம் அதோடு கலையும். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. ஒரு நாள் லீவுக்காரருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மழை பெய்தால் மண் சரிந்து கல்லார்–குன்னூர் பாதை மூடப்படும். பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், என்றாலும் கோடை மழையிலும் நடக்கும். குன்னூர்–ஊட்டி அப்போதும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். காட்டுப் பகுதியில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் ‘போனில் இருக்கேன், ஏதாவதுன்னா கூப்பிடு’ என்று சொல்லிவிட்டு வர வேண்டாம். பெட் வாரியாக எந்த ரிப்போர்ட் பாக்கி, யாருக்கு ரத்தம் ஏற்பாடு ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. வழியில் குடிநீர் ஏடிஎம் உண்டு. நீராவிப் பகுதியில் போனால் வெள்ளைச் சட்டை வேண்டாம், குகைக்குள் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும். பஸ்ஸில் வாந்தி வருகிறவர் வெறும் வயிற்றோடு ஏறாமல் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு முன் சீட்டில் உட்காரட்டும். ஊட்டியில் பகலில் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தாலும் வெயில் உறைக்கும், தொப்பி வேண்டும்.

திரும்பும்போது பஸ் ஏறும் முன் அரை கிலோ ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் மொறுமொறுப்பாகவே இருக்கும். பாதியை எக்ஸ்சேஞ்ச் கொடுத்தவரிடம் சேர்த்துவிடுங்கள்.